புறக்கணிக்கப்பட்ட செல்லப்பிராணிகளை மீட்டுத் தேற்றுதல்: சிறு காப்பகம் நடத்துவோருக்கான முழுமையான வழிகாட்டி

கவனிப்பாரற்றுக் கிடந்த நாயோ பூனையோ வந்து சேர்ந்த அன்றே அதைக் குளிப்பாட்டி, வயிறு நிறையச் சாப்பிட வைத்து, மற்ற விலங்குகளோடு சேர்த்துவிட வேண்டும் என்றே இப்பணிக்குப் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். மூன்றும் அன்பினால் செய்யப்படுபவைதான். ஆனால் மூன்றுமே முதல் நாளில் அந்த விலங்கின் உயிருக்கோ, ஏற்கெனவே அங்கிருக்கும் விலங்குகளின் உயிருக்கோ கேடாக முடியலாம். மீட்புப் பணியில் என்ன செய்கிறோம் என்பதைப் போலவே எந்த வரிசையில் செய்கிறோம் என்பதும் முக்கியம். ஒருசிலர் சேர்ந்து வீட்டிலோ வாடகை இடத்திலோ நடத்தும் சிறு காப்பகத்தை மனத்தில் வைத்து, அந்த வரிசைப்படியே இங்கு எழுதியிருக்கிறேன். பெரும்பகுதி நாய், பூனைகளைப் பற்றியது.

1. எத்தனை விலங்குகள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இடம் இருக்கிறதா என்று பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்வது தவறு. நேரத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். தீனி வைப்பதற்கும் கூண்டைச் சுத்தம் செய்வதற்கும் மட்டும் ஒரு விலங்குக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 நிமிடம் என்பது காப்பகங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 12 விலங்குகள் இருந்தால் இதற்கே 3 மணி நேரம் போய்விடும். மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பயந்த விலங்கின் அருகில் உட்கார்ந்திருப்பது ஆகியவை இதில் சேரா.

கிடைத்த எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதை மீற யாராவது விரும்பினால் குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே மீற வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் ஒருவர் அழும்போது தனி ஒருவரால் மறுக்க முடியாது. எழுதி வைத்த விதி இருந்தால் முடியும். கூட்டம் கூடிவிட்ட காப்பகத்தில் நோய் பரவுகிறது, விலங்குகள் சண்டையிடுகின்றன, எந்த விலங்கு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது யார் கண்ணிலும் படாமல் போகிறது. புறக்கணிப்பிலிருந்து காப்பாற்றப்பட்ட விலங்கு காப்பகத்திலேயே மறுபடி புறக்கணிக்கப்படுவது இப்படித்தான்.

மறுப்பது என்றால் கைவிரிப்பது என்று பொருளல்ல. மருத்துவச் செலவுக்கு வழியில்லாததால்தான் சிலர் தங்கள் நாயை விட்டுவிட நினைக்கிறார்கள். தீனியும் மருந்தும் கிடைக்க வழி செய்தால் அது அந்த வீட்டிலேயே இருந்துவிடும். அதைவிட நல்ல மீட்பு வேறில்லை.

2. முதல் விலங்கு வருவதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

முதல் தேவை, உங்கள் வேலையைப் புரிந்துகொண்ட கால்நடை மருத்துவர் ஒருவர். இரவில் அழைக்கலாமா, பணம் எப்போது கட்ட வேண்டும், எந்த நிலையில் விலங்கை நேராக மருத்துவமனைக்கே கொண்டுவர வேண்டும் என்பவற்றை அவரிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். மீள முடியாத வேதனையில் இருக்கும் விலங்கைக் கருணைக்கொலை செய்வது பற்றிய உங்கள் நிலைப்பாட்டையும் அப்போதே எழுத்தில் வைத்துவிட வேண்டும். அந்தத் தருணம் வந்த பிறகு யாராலும் நிதானமாக யோசிக்க முடிவதில்லை.

இரண்டாவது தேவை, தனி அறை. கழுவக்கூடிய தரையும் சுவரும் அதற்கு இருக்க வேண்டும்; மற்ற விலங்குகளின் வழியில் அது குறுக்கிடக் கூடாது. அந்த அறைக்கென்றே தனித் துடைப்பம், கிண்ணங்கள், செருப்பு, மேலங்கி ஆகியவற்றை ஒதுக்குங்கள். எடை பார்க்கும் கருவி, வெப்பமானி, வாய்க்கட்டு, கெட்டியான கையுறை, பழைய துண்டுகள், எளிதில் கழற்ற வராத கழுத்துக் கயிறு ஆகியவை அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

விலங்குகளைக் கையாளப்போகும் மனிதர்கள் வெறிநாய்க்கடி நோய்க்கான முன்தடுப்பூசியையும், டெட்டனஸ் தடுப்பூசியையும் போட்டிருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பூனையின் மலத்தட்டைத் தொட வேண்டாம். பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்து, ஒரு பெரிய அவசர அறுவைக்கான தொகையை அதில் எப்போதும் தொடாமல் வைத்திருங்கள்.

3. பொறுப்பேற்கும்போது: உரிமையும் ஆதாரமும்

விலங்கு தெருவில் கிடைத்ததா, உரிமையாளரே ஒப்படைத்தாரா, அதிகாரிகள் கைப்பற்றியதா என்பதை முதலில் பதிவு செய்யுங்கள். மூன்றுக்கும் சட்ட நிலை வேறு. உரிமையாளர் ஒப்படைத்தால் கையெழுத்திட்ட ஒப்படைப்புக் கடிதம் இல்லாமல் வாங்காதீர்கள். கிடைத்த விலங்கு என்றால், உரியவர் தேடி வருவதற்காக உங்கள் பகுதிச் சட்டம் விதிக்கும் காத்திருப்புக் காலம் முடியும் வரை அதைக் கருத்தடை செய்யவோ தத்துக் கொடுக்கவோ கூடாது.

மைக்ரோசிப், அதாவது உரிமையாளரைக் கண்டறிய உதவும் எண்ணோடு தோலுக்கடியில் செலுத்தப்படும் சிறு சில்லு, இருக்கிறதா என்று பாருங்கள். தோள்களுக்கு நடுவில் மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு செய்வது அடிக்கடி நடக்கும் பிழை. சிப் நகர்ந்து தோள்பட்டைக்கோ முன்காலுக்கோ போயிருக்கலாம் என்பதால் சிப்பைப் படிக்கும் கருவியை உடல் முழுவதும் மெதுவாக நகர்த்துங்கள். மறுநாள் இன்னொரு முறையும் பாருங்கள்.

முடி வெட்டுவதற்கும் கழுவுவதற்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். புண்களை அளவுகோல் அருகில் வைத்து எடுங்கள். கழுத்திலிருந்து எடுத்த சங்கிலியையும் பட்டையையும் கழுவாமல் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கொடுமை குறித்த வழக்கு பின்னால் வந்தால் இவைதான் ஆதாரம். சுத்தம் செய்த பிறகு எதுவும் மிஞ்சாது. பொதுவில் வெளியிடும் அறிவிப்பில் ஓர் அடையாளத்தை மட்டும் சொல்லாமல் விடுங்கள். விலங்கு தன்னுடையது என்று வருபவரிடம் கேட்பதற்கு அது உதவும்.

4. முதல் ஒரு மணி நேரம்: தொடுமுன் பாருங்கள்

கூண்டுக்கு வெளியே சற்றுத் தள்ளி நின்று சில நிமிடம் கவனியுங்கள். மூச்சு விடும் வேகம், நடை, தலை ஒரு பக்கம் சாய்கிறதா என்பவை பிடிபட்ட விலங்கிடம் சரியாகத் தெரியாது, ஏனெனில் பயத்தில் எல்லாமே மாறிவிடும்.

பிறகு எடை, வெப்பநிலை, ஈறு என்ற வரிசையில் செல்லுங்கள். நாய்க்கும் பூனைக்கும் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். நீரிழப்பைத் தெரிந்துகொள்ளத் தோலை இழுத்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் மிக மெலிந்த விலங்கிலும் வயதான விலங்கிலும் தோல் எப்படியும் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் ஈறின் ஈரத்தையே அதிகம் நம்புங்கள்.

உடல் சில்லிட்டிருந்தால் உணவு கொடுக்காதீர்கள், முதலில் சூடேற்றுங்கள். குளிர்ந்த உடலில் குடல் வேலை செய்யாது. குட்டிக்குப் புகட்டிய பால் செரிக்காமல் தங்கும், அல்லது மூச்சுக்குழாயில் போய்விடும். வெந்நீர் புட்டியைத் துண்டில் சுற்றி அருகில் வைத்து, சூடு போதும் என்றால் விலகிப் போகவும் இடம் விடுங்கள்.

கழுத்தை எப்போதும் விரலால் தடவிப் பாருங்கள். குட்டியாக இருந்தபோது கட்டிய கயிற்றை யாரும் தளர்த்தாமல் விட்டிருந்தால், உடல் வளர வளர அது சதைக்குள் இறங்கி, மேலே முடி மூடிவிடும். வெளியே நாய் நன்றாகத்தான் தெரியும். நாற்றம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், பிறகு முடியை விலக்கினால் ஈரமான ஒரு கோடு கழுத்தைச் சுற்றி ஓடுவது தெரியும். அதை இழுத்து எடுக்க முயலாதீர்கள். மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் எடுக்க வேண்டியது அது.

வெளுத்த ஈறு, மூச்சுத் திணறல், வலிப்பு, உப்பிய வயிறு, குட்டிக்கு இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, புழு வைத்த புண், முக்கி முக்கியும் சிறுநீர் வராத ஆண் பூனை: இவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்; ஐபுப்ரொஃபென் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு.

5. பட்டினி கிடந்த விலங்குக்கு உணவு

நல்ல மனத்தோடு செய்யும் காரியம் உயிரைப் பறிப்பது இந்தப் படியில்தான் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நீண்ட நாள் பட்டினியில் உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து வாழப் பழகிவிடுகிறது. அந்த நிலையில் திடீரென்று நிறைய உணவு, அதிலும் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்த உணவு உள்ளே போனால் இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை செல்களுக்குள் இழுக்கப்படுகின்றன. இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்ததும் தசை தளர்கிறது, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைகின்றன, இதயத்துடிப்பு தாறுமாறாகிறது. உணவு தொடங்கிய முதல் சில நாள்களிலேயே இது நேர்கிறது. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாய் மூன்றாம் நாள் ஏன் சரிந்து விழுந்தது என்று புரியாமல் திகைப்பவர்கள் பலர். வலுவில்லாத விலங்குக்குத் தெம்பு வரட்டும் என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் இந்த ஆபத்தை நேராக அழைத்து வருகிறது.

ஆகவே முதலில் தண்ணீர். அதையும் சிறு கிண்ணத்தில், அடிக்கடி. பிறகு, அதன் இப்போதைய எடைக்கு ஓய்வு நிலையில் தேவைப்படும் ஆற்றலைக் கணக்கிடுங்கள். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கிலோ கலோரி. முதல் நாள் அதில் கால் பங்கு மட்டும், ஐந்தாறு வேளைகளாகப் பிரித்து. வாந்தியோ வயிற்றுப்போக்கோ இல்லையென்றால் நாளுக்கு நாள் கூட்டி, நான்கு நாள் முதல் ஒரு வாரத்துக்குள் முழு அளவுக்கு வரலாம். எலும்பும் தோலுமாக வந்த விலங்குக்கு இந்தக் கணக்கை மருத்துவரே போட வேண்டும். இரத்தப் பரிசோதனையும் தயமின் என்ற பி1 உயிர்ச்சத்தும் தேவைப்படலாம். உணவு எளிதில் செரிப்பதாகவும், புரதமும் கொழுப்பும் மிகுந்து மாவுச்சத்து குறைந்ததாகவும் இருக்கட்டும்.

கிண்ணம் காலியானதும் அது உங்களைப் பார்க்கும் பார்வையைத் தாங்குவது கடினம். குழுவில் ஒருவர் இரக்கப்பட்டு இரண்டாம் முறை வைத்துவிடுவதும் அடிக்கடி நடப்பதே. கூண்டின் கதவில் ஒரு தாளைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு வேளையும் எத்தனை கிராம் வைத்தோம், யார் வைத்தார், வாந்தி உண்டா, மலம் எப்படி என்று எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் தினமும் எடை பாருங்கள்.

பூனைக்கு ஆபத்து வேறு திசையிலும் இருக்கிறது. பயத்தினால் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே அதன் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்து வரும். பருத்த பூனைகளுக்கு இது இன்னும் விரைவில் நேரும். ‘பசித்தால் தானே சாப்பிடும்’ என்று காத்திருப்பது பூனையிடம் செல்லாது. முயலோ அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தாலே அவசர நிலைதான். உலர்புல் அதன் முன் எப்போதும் இருக்க வேண்டும். பறவைகள் நோயை மறைத்துக்கொள்பவை, ஆகவே இறகைச் சிலிர்த்துக் கூண்டின் அடியில் உட்கார்ந்திருக்கும் பறவையை அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

6. தனிமைப்படுத்தலும் சுத்தமும்

புதிதாக வந்த விலங்கு எவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் 14 நாள் தனியறையில்தான் இருக்க வேண்டும். நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோயின் அறிகுறிகள் தொற்றிய பிறகு இரண்டு வாரம் வரைகூடத் தாமதமாகத் தெரியலாம். டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கு அதைவிட அதிகமாகவும் ஆகலாம். இருமலோ மூக்கொழுக்கலோ இருந்தால் அது தீரும் வரை நாள்கணக்கை நீட்டுங்கள்.

இந்த 14 நாள் வெறிநாய்க்கடி நோய் இல்லை என்பதற்கு உறுதி ஆகாது. அது வெளிப்பட வாரங்களோ மாதங்களோ ஆகலாம். விலங்கு கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். முன்தடுப்பூசி போட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

தினசரி வேலை எப்போதும் ஒரே வரிசையில் நடக்கட்டும்: முதலில் குட்டிகள், அடுத்து ஆரோக்கியமான பெரிய விலங்குகள், அடுத்து தனிமை அறை, கடைசியில் நோயுற்றவை. உங்கள் கையும் செருப்பும்தான் கிருமியைச் சுமக்கின்றன.

சுத்தம் செய்வதும் கிருமி நீக்குவதும் இரண்டு தனி வேலைகள். அழுக்கின் மேல் பிளீச் ஊற்றினால் அதன் வேகம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். முதலில் மலத்தை அள்ளி, சோப்பு நீரால் தேய்த்து அலசுங்கள். பிறகு வீட்டு உபயோகப் பிளீச் திரவம் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பூசி, 10 நிமிடம் ஈரமாகவே விட்டு அலசுங்கள். பார்வோ கிருமி பல சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு மசியாது. கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். அமிலத்தோடோ அமோனியாவோடோ கலந்தால் நச்சு வாயு எழும். சிறுநீரிலிருந்தும் அமோனியா வரும், பிளீச்சுக்கு முன் சோப்பு நீரால் அலசச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஃபீனால் கலந்த தரை திரவங்களைப் பூனைகள் இருக்கும் இடத்தில் பயன்படுத்தவே கூடாது.

7. முடி, தோல், நகம்

சடை பிடித்த முடியை நனைத்தால் அது இன்னும் இறுகும். ஆகவே முதலில் மழித்து, பிறகுதான் குளிப்பாட்ட வேண்டும். கத்தரிக்கோலைத் தொடாதீர்கள், சடையோடு சேர்ந்து தோலும் மேலெழுந்து வருவதால் வெட்டு தோலில் விழுகிறது. கிளிப்பரை, அதாவது முடி மழிக்கும் கருவியை, தோலோடு ஒட்டி, சடைக்கு அடியில் மெதுவாக ஓட்டுங்கள். பிளேடு சூடாகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பாருங்கள். உடல் முழுவதும் சடை என்றால் மயக்க மருந்து கொடுத்துச் செய்வதே கருணை. அடியில் புண், உண்ணி, பாதத்துக்குள் வளைந்து குத்திய நகம் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

சொறி எல்லாம் ஒன்றல்ல. ஒருவகைச் சொறி மனிதருக்கும் தொற்றும், இன்னொன்று தொற்றாது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். படர்தாமரை பூனைகளிடமிருந்து மனிதருக்கு எளிதில் பரவும். நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அது பூனைக்கு உயிர்க்கொல்லி. சொறிக்கும் புழுவுக்கும் கொடுக்கப்படும் ஐவர்மெக்டின் என்ற மருந்தை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். கோலி போன்ற சில இன நாய்களுக்கு அது மூளையைத் தாக்கும்.

8. தடுப்பூசி, புழு நீக்கம், கருத்தடை

காப்பகத்துக்கு வரும் விலங்குக்கு முதன்மைத் தடுப்பூசிகளை வந்தவுடனேயே போடுவது நல்லது. ஒரு வாரம் பொறுத்தால் அந்த வாரத்திலேயே தொற்றிக்கொள்ளலாம். காய்ச்சலோ மிகுந்த மெலிவோ இருந்தால் மருத்துவரின் முடிவுக்கு விடுங்கள். குட்டிகளுக்கு ஓர் ஊசி போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் பலனை மறைத்துவிடக்கூடும் என்பதால் 16 வாரம் ஆகும் வரையேனும் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். குடற்புழு மருந்தையும் இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுங்கள். கருத்தடை உடல் தேறிய பிறகுதான், ஆனால் தத்துக்கு முன்பாக. பிறகு செய்துகொள்கிறோம் என்ற வாக்குறுதி பெரும்பாலும் நிறைவேறுவதில்லை.

9. பயத்தைத் தெளிவித்தல்

உடல் தேறுவதற்கும் மனம் தேறுவதற்கும் வேகம் வேறு. முதல் மூன்று நாள் எதையும் கற்பிக்க முயலாதீர்கள். ஒளிந்துகொள்ள ஓர் இடம், குறித்த நேரத்தில் உணவு, குறைந்த சத்தம் ஆகியவை போதும். பூனைக்கு ஓர் அட்டைப்பெட்டியையும் ஏறி உட்கார ஓர் உயரத்தையும் கொடுங்கள். மலத்தட்டை உணவிலிருந்து தள்ளி வையுங்கள்.

சுவரைப் பார்த்து மூலையில் நிற்கும் நாயிடம் நேராகப் போய்க் குனிந்து தலையில் கை வைப்பதே எல்லோரும் செய்யும் பிழை. அதற்குப் பக்கவாட்டில், கண்ணைப் பார்க்காமல், தரையில் உட்காருங்கள். உணவுத் துண்டை அதன் முன்னால் போடாமல் அதற்குப் பின்னால் எறியுங்கள். உணவுக்காக உங்களை நெருங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அப்போது அதற்கு இராது. தின்றுவிட்டுத் திரும்பும்போது அது தானாகவே ஓரடி அருகில் வரும். கொட்டாவி, உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியவை தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவே. உறுமினால் தண்டிக்காதீர்கள். உறுமலை அடக்கப் பழகிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும்.

பசியில் வாடிய நாய் கிண்ணத்தைக் காப்பது இயல்பு. ‘பழக்கப்படுத்துகிறேன்’ என்று சாப்பிடும்போது கிண்ணத்தை எடுப்பது அதன் பயத்தை உறுதிப்படுத்தவே செய்யும். மாறாக, கடந்து போகும்போது தூரத்திலிருந்தே அதைவிடச் சுவையான துண்டைக் கிண்ணத்தின் பக்கம் போட்டுவிட்டு நிற்காமல் போங்கள். மனிதர் வந்தால் உணவு குறையாது, கூடும் என்பதை அது பல நாள் கண்டறிய வேண்டும். எப்போதும் சங்கிலியில் கிடந்த நாய்க்குத் தசை வலுவிழந்திருக்கும் என்பதால் நடை முதலில் சில நிமிடங்களே இருக்கட்டும்.

பயம் தெளியாத நாய் கயிற்றை உதறி ஓடினால் கூப்பிட்டாலும் வராது. ஆகவே வெளியே போகும்போது கழுத்துக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று என இரண்டு பிடிமானம் எப்போதும் இருக்கட்டும்.

10. தத்துக் கொடுத்தல்

எடை நிலைத்து, ஊசிகள் முடிந்து, புதியவர் ஒருவரையாவது தாங்கும் அளவுக்கு மனம் தேறிய பிறகே அறிவிப்பு வெளியிடுங்கள். கேட்டு வருபவரிடம் விலங்கின் குறைகளை முதலில் சொல்லுங்கள். ஆண்களைக் கண்டால் ஒளியும், மலத்தட்டுக்கு வெளியே போகும் என்பவற்றை மறைத்துக் கொடுத்த விலங்கு சில வாரங்களில் திரும்பி வந்துவிடும். வீட்டுச் சொந்தக்காரர் அனுமதித்திருக்கிறாரா, பகலில் யார் வீட்டில் இருப்பார், முன்பு வளர்த்த விலங்கு என்னவாயிற்று என்ற மூன்று கேள்விகளுக்கான விடையிலேயே பெரும்பாலும் எல்லாம் தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம்: வளர்க்க முடியாத நிலை எப்போது வந்தாலும் விலங்கை வேறு எவருக்கும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும். அந்த வரிக்குப் பொருள் இருக்க வேண்டுமென்றால் நீங்களும் ஓர் இடத்தை எப்போதும் காலியாக வைத்திருக்க வேண்டும். கொடுத்த மூன்றாம் நாளும், மூன்றாம் வாரமும், மூன்றாம் மாதமும் பேசுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்ற பதில்தான் வரும். எங்கே படுக்கிறது, எவ்வளவு தின்கிறது, யாரைப் பார்த்து உறுமியது என்று கேளுங்கள்.

11. திரும்பி வரும் விலங்கு

திருப்பிக் கொண்டுவருபவரைக் கடிந்து பேசாதீர்கள். கடிந்தால் அடுத்தவர் உங்களிடம் கொண்டுவராமல் தெருவில் விட்டுவிடுவார். காரணத்தைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் அடுத்த வீட்டைத் தேர்ந்தெடுக்க அந்தக் குறிப்புதான் பயன்படும். விலங்கு நமக்குத் தெரிந்ததுதானே என்று நேராகப் பழைய கூட்டத்தில் சேர்த்துவிடாமல், முதன்முறை வந்ததுபோலவே எடை பார்த்து, ஈறு பார்த்து, சிப் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றி, 14 நாள் தனியறையில் வையுங்கள்.